கொக்கி போடும் இடம்

திங்கட்கிழமை முதல் என் மேசையில் உங்களில் ஒருவர் உட்காருவார். பழைய வண்டிகளைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுக்கும் இந்த வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன். இப்படி எழுதிவைத்துவிட்டுப் போவது ஓய்வு பெறுகிறவர்களின் வழக்கம். எனக்கு அந்த வயது வர இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது. ஆனாலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு சேர்ந்து வெளியே போய் வண்டி பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பரிசோதனைப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அதை வரிசைப்படுத்தியவள் நான்தான். எஞ்சினில் தொடங்கி, கியர், கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் என்று வண்டியின் முகத்திலிருந்து வால் வரைக்கும் போகும். பட்டியல் போடுவது என் சுபாவம். ஊருக்குப் போகப் பெட்டி கட்டும்போதுகூட எழுதிவைத்துத்தான் கட்டுவேன். அந்தப் பட்டியலைப் பழகிக்கொள்ள உங்களுக்கு அதிக நாள் ஆகாது. அதில் எழுத முடியாமல் போனதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் தன் டீசல் வேனை விற்பதற்காக அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வேன் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. பானெட்டில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. பழைய டீசல் எஞ்சினின் உண்மையான குணம் அது ஆறிக் கிடந்து முதல் முறை சாவி திருப்பும்போதுதான் தெரியும். சூடாகிவிட்டால் எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளைதான்.

“இப்பதாங்க பங்க் வரைக்கும் போய்ட்டு வந்தேன்” என்றார்.

“பரவால்லீங்க. ஆறட்டும். நான் இருக்கேன்” என்று சொல்லி, மரத்தடியில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டேன். பலாச்சுளை வந்தது. சாப்பிட்டேன். மறுபடியும் ஒரு தட்டு வந்தது. அதையும் சாப்பிட்டேன். மூன்றாவது தட்டோடு வந்தவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, நீ பழத்துக்கு வந்தியா, வண்டிக்கு வந்தியா?”

“எனக்கு ரெண்டுக்கும் அவசரம் இல்லீங்க.”

அவர் சிரித்துவிட்டார். “காலைல ரெண்டு பேரு தள்ளுனாத்தான் எடுக்கும். இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு பலாப்பழம் மிச்சமாயிருக்கும்” என்றார். நான் எந்தக் குற்றத்தையும் கண்டுபிடிக்கவில்லை. அவரைப் பொய்க்காரராக்கவும் இல்லை. எழுந்து போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பதும் நம் வேலையில் ஒரு சோதனை முறை.

இனி கிள்ளையில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அமுதா அக்கா தன் கணவர் ராஜேந்திரனோடு கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை நடத்துகிறவர். அவருடைய மகளிர் குழு வாங்கிய சுமை ஆட்டோவை நான்தான் பார்த்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் போன் செய்தார்.

அவர்களுடைய குட்டைகள் இரண்டு இடத்தில் இருந்தன. நடுவே பிச்சாவரம் போகும் சாலை. ஜெனரேட்டரோ ஒன்றுதான். சக்கரம் வைத்த டிரெய்லரில் ஏற்றி, தேவைப்படும் குட்டைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். இறால் குட்டையில் தண்ணீரைச் சுழற்றிக் காற்றைக் கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போய் அது நின்றுவிட்டால் இறால் மூச்சுக்குத் தவித்து மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வந்தும் பயனில்லை. முந்தைய பருவத்தில் வாடகை டிராக்டர் வந்து சேர்வதற்குள் ஒரு குட்டை முழுக்க வெள்ளையாக மிதந்துவிட்டது. இந்தமுறை குஞ்சு விட்டாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சொந்தமாக இழுக்கிற வண்டி வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

“என் தம்பி வண்டிதான் வருது” என்றார் அக்கா. “கடலூர் முதுநகர்ல மீன் லோடு அடிக்கிறான்ல, அந்த மினி லாரி. வெளியில ஜாஸ்திக்குக் கேக்குறாங்களாம். அக்காவுக்குன்னு கொறச்சுத் தர்றான்.”

“நல்லதுதானே அக்கா.”

“நல்லதுதான். நீ வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போயேன். ஆனா வண்டி பாக்குறவன்னு சொல்லிக்காத. என் ஃபிரண்டு, பிச்சாவரம் சுத்திப் பாக்க வந்திருக்கான்னு சொல்லிடுறேன்.”

அவர் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. பெண் கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பொருள் வரும்போது அதைத் தட்டிப் பார்த்து வாங்குகிற வழக்கம் நம் பக்கம் கிடையாது. மச்சான் கொடுக்கும் வண்டியைச் சோதிப்பதும், அவர் முகத்துக்கு நேரே ‘உன்னை நம்பவில்லை’ என்று சொல்வதும் ஒன்றுதான். பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

“அக்கா, டூர் வந்தவ யாரும் லாரிக்கு அடியில படுக்க மாட்டா” என்றேன்.

அக்கா சிரித்தார். “அப்ப என்னான்னுதான் சொல்லட்டும்?”

மாறுவேடத்தில் போய் வண்டி பார்க்காதீர்கள். பார்த்துவிடலாம், பார்த்ததைச் சொல்ல முடியாது. சொன்னால், ‘நீ யார்?’ என்ற கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும். அதனால் கேட்டேன்: “இந்த வண்டி உங்களுக்கு எதுக்கு அக்கா?”

“ஜெனரேட்டர் இழுக்க.”

“இழுக்கணும்னா பின்னால கொக்கி போடணும்ல. கொக்கிய எங்க போடுறதுன்னு பாக்க வர்றேன்னு சொல்லுங்க. அது பொய்யில்ல.”

ஏதோ சமாளிப்புக்குச் சொன்ன வார்த்தை அது. பேருந்தில் போகும்போதுதான் அது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கே தோன்றியது. சுமக்கப் போகும் வண்டிக்குத்தான் என் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. இழுக்கப் போகும் வண்டிக்கு முழுப் பாரமும் ஒரே இடத்தில், பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் வந்து விழும். அங்கேதான் கொக்கி. அப்படியானால் வாலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. மினி லாரிக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். முன்னால் மாலை. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ராகு காலம் பிறப்பதற்குள் வண்டியைப் பழத்தின் மீது ஏற்றி எடுத்துவிட வேண்டும் என்று ராஜேந்திரன் சொல்லிக்கொண்டிருந்தார். சிதம்பரத்திலிருந்து வெல்டிங் செய்பவர் கொக்கியை இரும்பில் செய்தே கொண்டுவந்திருந்தார். அக்காவின் தம்பி குமார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வண்டியில் சாய்ந்து நின்றார். கொடுக்கிறவரின் நிமிர்வு அதில் இருந்தது.

“கொக்கி போடுற எடத்தப் பாக்க வந்திருக்காங்க. வண்டி பாக்குற வேலயில இருக்காங்க” என்று அக்கா என்னை அறிமுகம் செய்தார்.

குமார் என்னைப் பார்க்காமல் ராஜேந்திரனைப் பார்த்தார். “கொக்கி போட எதுக்கு மாமா இன்ஜினியரு? நாளைக்கு மாடு வாங்குனா டாக்டர கூட்டியாருவீங்களா?”

“நான் கூட்டியாரல மச்சான். எல்லாம் ஒங்க அக்கா வேல” என்றார் ராஜேந்திரன்.

“பாக்கட்டும். பழத்த மட்டும் நவுத்திடாதீங்க மேடம்” என்றார் குமார்.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. நேரே பின்னால் போய், ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தேன். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் பளபளத்தது. சின்னச் சுத்தியலால் நடுப்பகுதியில் தட்டினேன். கணீரென்று கேட்டது. சக்கரம் வரைக்கும் அதே சத்தம். ஸ்பிரிங் தாங்கிக்குப் பின்னால், கடைசி ஒரு முழத்தில், சத்தம் மாறிவிட்டது. ஈரமண்ணில் தட்டுவது போல இருந்தது. குறுக்குச் சட்டத்தில் இன்னொரு தட்டு. பெயிண்டோடு சேர்ந்து ஒரு துருத் தகடு உதிர்ந்து கன்னத்தில் விழுந்தது.

காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. மீன் பெட்டிகளிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீர் வடிவதற்கான ஓட்டை, சரியாக அந்தச் சட்டத்தின் மேல். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீர் அந்த ஒரே இடத்தில் சொட்டியிருக்கிறது.

வெளியே வந்து உள்ளதைச் சொன்னேன்.

குமாரின் முகம் மாறியது. “என் வண்டியா? ஐஸோட லோடு ஏத்திக்கிட்டு எத்தன வருஷம் ஓடியிருக்குது. ஒரு நாள் நடுவழியில நின்னதில்ல. அக்கா வீட்டுக்கு ஓட்ட வண்டிய தள்ளி விடுறேன்னு சொல்றீங்களா?”

அவர் ஏமாற்றுகிறார் என்று ஒருவர் அந்த இடத்தில் எளிதாக முடிவு கட்டிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்னது உண்மை. சுமை முழுவதும் ஸ்பிரிங்குக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறது. அவருடைய தொழிலில் அந்தக் கடைசி ஒரு முழத்துக்கு வேலையே இல்லை; நம்பர் பிளேட்டையும் விளக்கையும் தாங்கினால் போதும். வேலை இல்லாத இடத்தை யார் குனிந்து பார்ப்பார்கள்? ஆனால் இறால் பண்ணைக்கு வந்துவிட்டால் வண்டியின் மொத்த வேலையும் அந்த ஒரு முழத்தில்தான்.

இதை அவரிடம் விளக்கவில்லை. விளக்கினால் வாதம் வரும். சுத்தியலை அவர் பக்கம் நீட்டினேன். “நீங்களே ஒரு தடவ தட்டிப் பாருங்க. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு.”

வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கில் படுத்தார். சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. முதலில் கணீர். பிறகு அந்த மொத்தை ஒலி. மறுபடி கணீர். மறுபடி மொத்தை. வெளியே வந்தபோது சட்டையில் துருப்பொடி அப்பியிருந்தது. சுத்தியலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெல்டிங்காரர்தான் பேசினார். “இதுக்குப் போயி ஏன் மேடம்? ஒரு பிளேட்ட வெச்சு அடிச்சிட்டா யானையக் கட்டுனாலும் தாங்கும்.”

“பிளேட்டு தாங்கும்ண்ணா. பிளேட்ட எதுல ஒட்டுவீங்க?”

அவர் குனிந்து பார்த்துவிட்டு, பீடியைப் பற்றவைக்கத் தள்ளிப் போனார்.

நெருக்கடி அதற்குப் பிறகுதான் வந்தது. ராஜேந்திரன் என்னைத் தனியே அழைத்து மெல்லிய குரலில் சொன்னார். “மெதுவாத்தாம்மா போகப் போறோம். கொஞ்ச தூரம்தான். இந்த ஒரு வெள்ளாமைய எடுத்துடுறேன், அப்புறம் சரி பண்ணிக்கலாம். இப்ப வேணாம்னா மச்சான் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது? திரும்பவும் டிராக்டர்காரன் பின்னால அலையணும். போன தடவ செத்தது ஒரு குட்ட. இன்னொண்ணு போச்சுன்னா பண்ணையே இல்ல.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ‘கவனமாக இழுக்கவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நான் பேருந்து ஏறியிருக்கலாம். நம் வேலையில் அப்படி வரிகள் நிறைய உண்டு. நம்மைக் காப்பாற்றும், வேறு யாரையும் காப்பாற்றாது.

அப்போது என் மனதில் ஓடியதை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். சுமக்கிற வண்டி பழுதானால் பெரும்பாலும் பாதிக்கப்படுவது அதை ஓட்டுகிறவர். இழுக்கிற வண்டியில் சட்டம் பிய்ந்தால் ஓட்டுகிறவருக்கு ஒரு குலுக்கல்தான். பிய்ந்துகொண்டு போகும் பாரம் சாலையில் பின்னால் வருகிறவரைப் போய்ச் சேரும். பிச்சாவரம் சாலையில் பள்ளிக்கூட வேன் வரும். படகு பார்க்க வருகிற குடும்பம் பைக்கில் வரும். அவர்களில் யாரும் நமக்குக் கட்டணம் கட்டியவர்கள் இல்லை. நம் அறிக்கையை வாசிக்கப் போகிறவர்களும் இல்லை.

ராஜேந்திரனைக் கூட்டிக்கொண்டு மறுபடி எல்லோரும் நிற்கும் இடத்துக்கு வந்தேன். அவரிடம் கேட்டேன், மற்றவர்களுக்கும் கேட்கும்படி: “ஜெனரேட்டர இழுத்துட்டுப் போறப்ப பின்னால யாருங்க வருவாங்க?”

“யாரு வருவா? இவதான்” என்று அக்காவைக் காட்டினார். “மொபெட்ல டீசல் கேனக் கட்டிக்கிட்டு ஒட்டுனாப்ல வருவா. கேபிளு தரையில இழுபடாம பாக்கணும்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அக்கா கற்பூரத் தட்டோடு வண்டியின் பின்பக்கம்தான் நின்றிருந்தார். குமார் அவரைப் பார்த்தார். பிறகு முன்னால் போய்க் குனிந்து, சக்கரங்களுக்கு அடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மச்சான், ராகு காலம்…” என்றார் ராஜேந்திரன்.

“வரட்டும் மாமா. இந்த வண்டி வேணாம். வேற பாப்போம். அது வரைக்கும் டிராக்டருக்கு நான் சொல்றேன். என் பேச்சுக்கு வருவான்.”

மாலையையும் அவரே அவிழ்த்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அக்கா மட்டும், “சட்டைய கழட்டிக் குடுடா, ஊற வெக்கிறேன். துரு அப்பறம் போகாது” என்றார்.

நான் கிளம்பும்போது குமார் வாசல் வரை வந்தார். “நீங்க இன்ஜினத் தொறந்தே பாக்கல.”

“இல்லீங்க.”

“பாத்திருந்தா மூட மனசு வராது. அப்படி வெச்சிருக்கேன்.”

பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். பானெட்டைத் திறந்து, பட்டியலில் உள்ளதை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். அவர் சொன்னதில் மிகையில்லை. அதையும் அறிக்கையில் எழுதினேன்: எஞ்சின் மிக நல்ல பராமரிப்பில் உள்ளது, பின்பகுதியை நல்ல இரும்பு வரை வெட்டி மாற்றினால் சுமைக்கு ஓட்டலாம், இழுப்பதற்கு வேண்டாம். ஒருவருடைய வண்டியைக் குறை சொன்ன நாளில் அதில் இருக்கும் நல்லதையும் அதே கவனத்தோடு பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பேருந்து தவறினாலும் பரவாயில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு குமாரே போன் செய்தார். விருத்தாசலம் பக்கம் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டீசல் மினி லாரி. கடல் காற்றே படாத வண்டி. “பின்னாலேர்ந்து நான் பாத்துட்டேன் மேடம். முன்னாலேர்ந்து நீங்க பாத்துக்கிட்டு வாங்க. நடுவுல எங்கயாவது சந்திப்போம்” என்றார்.

அதிலும் குறைகள் இருந்தன. கிளட்ச் தேய்ந்திருந்தது. பிரேக் வேலை செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் சரிசெய்யக் கூடியவை, செய்தார்கள். கொக்கியை இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடிக்கிற மாதிரி போல்ட் போட்டு முடுக்கினார் அதே வெல்டிங்காரர். கூடவே, கொக்கி விட்டாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சங்கிலி. முதன்முறை இழுக்கும் நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். என் ஸ்கூட்டரில் போயிருந்தேன்.

ராஜேந்திரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அக்கா வழக்கம்போல டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தார். குமார் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“எறங்குக்கா.”

“ஏன்டா?”

“நீ மாமாகூட முன்னால ஏறு. கேபிள நான் பாத்துக்கிறேன்.”

“ஒனக்கு இது ஓட்ட வராது. பிரேக்கு புடிக்காது இதுக்கு.”

குமார் என்னைப் பார்த்தார். “லாரிய மட்டும் காட்டுனாங்க பாத்தீங்களா மேடம்.”

அக்கா இறங்கி முன்னால் போய் ஏறிக்கொண்டார். லாரி நகர்ந்தது. சங்கிலி ஒருமுறை இழுபட்டு அடங்கியது. ஜெனரேட்டர் பின்தொடர்ந்தது. அதற்குப் பின்னால் காலைத் தரையில் தேய்த்தபடி மொபெட்டில் குமார். தான் பார்த்துக் கொடுத்த வண்டிக்கு அவர் கொடுத்த உத்தரவாதம் அதுதான். இந்த வேலையில் நான் பார்த்ததிலேயே அதைவிட உறுதியான கையெழுத்து வேறில்லை. அந்த வண்டியின் அறிக்கையில் என் கையெழுத்தும் இருந்தது. அதனால் நானும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நீங்கள் எழுதிக் கொடுக்கும் வண்டிகளில் ஒன்றிரண்டுக்காவது இப்படிப் பின்னால் போய்ப் பாருங்கள். அடுத்த அறிக்கையில் கை கொஞ்சம் மெதுவாக ஓடும்.

இரண்டாவது குட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது, குமார் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி எனக்குச் சைகை செய்தார். ரொம்ப ஒட்டி வராதீர்கள், கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்று.